மலை ஓடையின் கரையைத் தாங்குவது வேரா, பாறையா?

கேள்வி: மலைச்சாரல்

எங்கள் நிலத்தை ஒட்டிச் சரிவாக இறங்கும் ஓடையில், அண்மையில் பெய்த பெருமழைக்குப் பின் ஏறத்தாழ 20 அடி நீளத்துக்குக் கரை சரிந்துவிட்டது. வெள்ளம் பெருக்கெடுத்து ஓடிய இரவு முழுவதும் அசையாமல் நின்ற கரை, மறுநாள் நீர் வடிந்த பிறகு விழுந்ததுதான் எனக்குப் புரியவில்லை. சற்று மேலே, மரவேர்கள் பெரும்பாறைகளைப் பற்றிக்கொண்டிருக்கும் பகுதியில் ஒரு கூடை மண்கூடப் போகவில்லை. கரையைக் காப்பது செடிகொடிகளா, நிலத்தின் அமைப்பா? சிமென்ட் சுவர் எழுப்பச் சொல்கிறார்கள். அதற்கு முன் காரணத்தை அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி: வேர்முடிச்சு

வெள்ளத்தின்போது கரைமண் நீரை உறிஞ்சிக் கனத்துப்போகிறது. ஆனால் ஓடையில் நிறைந்திருக்கும் நீரே அதைப் பக்கவாட்டில் தாங்கி நிற்கும். மலை ஓடைகளில் நீர்மட்டம் மளமளவென்று இறங்கும்போது அந்தத் தாங்கல் விலகிவிடுகிறது. மண்ணுக்குள் சிக்கிய நீரோ அதே வேகத்தில் வெளியேற முடியாமல், துகள்களின் பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. நீங்கள் கண்டது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும்; வேர் இழுவையைத் தாங்கும். ஒரே குறுக்குப் பரப்புக்குக் கணக்கிட்டால், தடித்த வேர்களைவிட மெல்லிய வேர்களே பொதுவாக வலிமை மிக்கவை. ஆகவே கோரையையும் நாணலையும் அற்பமாக எண்ண வேண்டாம். கனடாவின் பான்ஃப் பகுதியில், பனியாறு உருகிப் பாயும் ஓர் ஆற்றைப் பற்றி 1976இல் வெளியான ஆய்வில், கன அளவில் 16 முதல் 18 விழுக்காடு வேர்களும் மேலே 5 சென்டிமீட்டர் வேர்ப்பாயும் கொண்ட வண்டல், வேரற்ற வண்டலைவிட 20,000 மடங்கு அரிப்பைத் தாங்கியதாகக் கண்டார்கள். அந்த எண்ணை எல்லா மண்ணுக்கும் பொருத்திவிட முடியாது என்றாலும், வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை அது காட்டுகிறது.

மறுமொழி: கூழாங்கல்

மேலே சொன்னது சரி. ஆனால் வேர் எட்டும் ஆழம் வரைதான் வேரின் காவல். கரையின் உயரம் அதைவிட அதிகமானால், நீர் அடியைக் குடைந்துவிடும். மேலே எவ்வளவு பசுமை இருந்தாலும் பயனில்லை. அடியைக் காப்பவை பாறைகள்.

100 அடிக்கு 3 முதல் 10 அடி வரை இறங்கும் ஓடைகளில், பெருங்கற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு படிகளாகவும், படிக்குக் கீழே மடுக்களாகவும் அமைவதைப் பெரும்பாலும் பார்க்கலாம். படியிலிருந்து விழும் நீர் மடுவில் சுழன்று தன் விசையைச் செலவழித்துவிடுகிறது. ஒரு படியின் கற்களைப் பெயர்த்துவிட்டால், அந்த விசை படுகையையும் கரையையும் அறுக்கத் தொடங்கும். பள்ளத்தாக்கு அகன்று தாழ்வான திட்டுகள் இருக்குமிடத்தில் வெள்ளம் பரந்து ஆழம் குறைவதால், அரிக்கும் விசையும் தணிகிறது. அந்தத் திட்டுகளை மண்ணிட்டு உயர்த்துவது பெருந்தவறு. வழவழப்பான சுவரை ஒட்டி நீர் விரைந்தோடி, சுவரின் அடியையே தோண்டும், எதிர்க்கரையையும் தாக்கக்கூடும்.

மலைச்சாரல்

இன்று இறங்கிப் பார்த்தேன். மேலே ஒரு முழத் தடிமனுக்குப் புல்வேர் பின்னிய மண் கூரையின் இறவாரம்போல் நீட்டிக்கொண்டிருக்கிறது; அதன் அடியில், விரலால் சுரண்டினாலே உதிரும் மணலும் சரளையும். அவ்விடத்துக் கற்களைச் சில ஆண்டுகளுக்கு முன் கட்டட வேலைக்காக நாங்களே எடுத்திருந்தோம் என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். விளிம்பில் சாய்ந்து நிற்கும் ஒரு மரத்தை வெட்டிவிடலாமா?

மறுமொழி: வேர்முடிச்சு

அது ஓடைக்குள் விழும் நிலையில் இருந்தால் கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறையுங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றாலும் அடிக்கட்டையைப் பெயர்க்காதீர்கள். வெட்டிய மரத்தின் வேர்கள் உடனே வலிமை இழப்பதில்லை. சில ஆண்டுகளில் மெல்ல மட்கும். அதற்குள் புதிய வேர்கள் இறங்கியாக வேண்டும் என்பதால், நடுவதை வெட்டுவதற்கு முன்பே தொடங்குவது நல்லது. முதலில் அடியில் பெருங்கற்களை, படுகைக்குள் ஒரு பகுதி புதையும்படி பதியுங்கள்; பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைச் சரிவாக்குங்கள். நீர்க்கரையில் வளரும் வில்லோ வகை மரங்களின் போத்துகளை, அதாவது நட்டால் வேர்விடும் கிளைத்துண்டுகளை, அடிநுனி ஈரமண்ணைத் தொடும் அளவுக்கு ஆழமாக இறக்கினால்தான் கோடையில் பிழைக்கும்.