‘எல்டஸ்ட்’: எல்ஃபுகளின் காட்டில் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: வாசிப்பு வட்டம், காரைக்குடி
கோடை விடுமுறைக்கு 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நடக்கும் வட்டம். கிறிஸ்டோபர் பாவ்லினியின் டிராகன் கதை ‘எராகான்’ இரண்டே வாரத்தில் முடிந்தது. அடுத்த பாகம் ‘எல்டஸ்ட்’ எடுத்ததும் வேகம் படுத்துவிட்டது. நாயகன் எராகான், எல்ஃப் என்ற மாய இனத்தாரின் நகரம் எல்லெஸ்மெரா போய் முதிய ஆசான் ஓரோமிஸிடம் பாடம் கேட்கிற இடத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். “டிராகன் கதைன்னு சொன்னீங்க, இது டியூஷன் கதையா இருக்கே” என்கிறார்கள். சிலர் எராகானின் மாமன் மகன் ரோரன் வரும் பக்கங்களை மட்டும் பொறுக்கிப் படிக்கிறார்கள். முடிக்க வைக்கலாமா, நேரே மூன்றாம் பாகத்துக்குப் போய்விடலாமா? கடைசிப் போரில் என்ன வெளிவருகிறது என்பதை யாரும் உடைக்க வேண்டாம், பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள்.

பதில்: முகப்புத் திண்ணை
மூன்றுக்குத் தாவாதீங்க ஆச்சி. ‘பிரிசிங்கர்’ ரோரனோட காதலி காத்ரீனாவை மீட்கப் போவதில்தான் தொடங்குது. அவ எப்படிப் பிடிபட்டாள், ரோரன் ஏன் கையில சுத்தியலோட அலையறான் என்பதெல்லாம் ‘எல்டஸ்ட்’ல இருக்கு.

முதல் பாகம் ஒரே கதை இழை: துரத்தல், ஓட்டம், அடுத்த ஊர். இதில் எராகான், ரோரன், கிளர்ச்சிப் படைத் தலைவி நசுவாடா என்று மூன்று இழை. ரோரன் ஊரை அரசனோட ஏவல் பிராணிகளான ராஸாக் சுற்றி வளைக்கிற நேரத்தில் அத்தியாயம் முடியும். அடுத்த பக்கத்தில் எராகான் மரக்கட்டை மேல உட்கார்ந்து எறும்பைக் கவனிச்சுக்கிட்டிருப்பான். எரிச்சல் வராம என்ன செய்யும்? ரோரன் பக்கங்களைப் பொறுக்கிப் படிக்கிறதைத் தடுக்காதீங்க. ஆனா புத்தக முன்பக்க வரைபடத்தை ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து இரண்டு நிறப் பென்சிலால வழி போடச் சொல்லுங்க. சிவப்பு ரோரனுக்கு: வடமேற்கே அவன் ஊர் கார்வஹால், மலை தாண்டி நார்டா, கரையோரமா டேர்ம், அங்கிருந்து கப்பலைக் கடத்திச் சுழல் வழியாத் தெற்கே சுர்டா. நீலம் எராகானுக்கு: வடகிழக்குக் காடு. இரண்டு கோடும் எரியும் சமவெளியில் முட்டும். அது தெரிஞ்சுட்டா நீலக் கோட்டையும் விடமாட்டாங்க.

கார்வஹால் மாதிரி ஊரே மூட்டை கட்டிக் கிளம்புவது நம்ம பக்கத்துக்குப் புதுசில்லை. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டிநாடு வந்த நகரத்தார் கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுட்டு வரச் சொல்லுங்க. எதை எடுத்துட்டுப் போனாங்க, எதை விட்டுட்டுப் போனாங்க என்ற கேள்வியோட கார்வஹாலைப் படிச்சா ரோரன் செய்யும் பேச்சு சும்மா வீரவசனமா நிற்காது.

நாளுக்கு 20 பக்கம் வைத்தாலும் ஒரு மாதம் தாண்டும், அதைக் கணக்கில் வச்சுக்குங்க.

பதில்: இலக்கண வாத்தி
டியூஷன் என்று தள்ளுவது அநியாயம். இந்தப் பாகத்தின் உயிரே அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது. இந்த உலகில் ஒரு வேலையைக் கையால் செய்ய எவ்வளவு தெம்பு வேண்டுமோ, மந்திரத்தால் செய்தாலும் அவ்வளவும் போகும். மிஞ்சினால் சாவு. சுற்றியுள்ள உயிர்களிடமிருந்து சக்தியை உறிஞ்சலாம் என்று ஓரோமிஸ் காட்டும்போது செடியும் பூச்சியும் சாவதை எராகான் உள்ளிருந்தே உணர்கிறான். முன்னால் எறும்பைக் கவனிக்க வைத்தது எதற்கு என்று அங்கேதான் விளங்கும். எறும்புப் பக்கத்தைத் தாண்டியவனுக்கு இந்த அதிர்ச்சி கிடைக்காது.

வகுப்பில் எடுக்க ஏற்ற இடம் எல்வா என்ற குழந்தையின் கதை. முதல் பாகத்தில் எராகான் கைக்குழந்தையான அவளுக்குப் பழமொழியில் (பழைய மொழி, சொலவடை இல்லை!) ஆசி கொடுத்தான். ‘துன்பத்திலிருந்து காக்கப்படுவாய்’ என்பது நினைப்பு. வாயில் வந்ததோ ‘துன்பத்துக்குக் கவசமாவாய்’. ஸ்கோலிரோ என்பதற்கு ஸ்கோலிர். ஒரே ஓர் எழுத்து. நம் மொழியில் ‘காக்கப்படுவாய்’ என்பதில் ‘படு’ விழுந்து ‘காப்பாய்’ ஆவது போல. விளைவு, அந்தக் குழந்தை சுற்றியுள்ளோர் வலியையெல்லாம் தன் மேல் வாங்குகிறது. செய்வினை, செயப்பாட்டுவினை நடத்த இதைவிட நல்ல உதாரணம் பாடநூலில் கிடையாது. நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: என்ன சொல், என்ன நடந்தது, சக்தி எங்கிருந்து வந்தது. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அந்த இடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

பதில்: யாளித்தூண்
பாடம் சரி அண்ணே, ஆனா குறையையும் சொல்லணும். முதுகில் முதல் பாக வில்லன் டுர்ஸா போட்ட தழும்பு எராகானை வலிப்பில் சுருட்டிப் போடுது. வாள் பயிற்சியில் வானிர் என்ற எல்ஃப் அவனை ஏளனம் பண்றான். பல நூறு பக்கம் அந்த வலியைச் சுமக்க வச்சுட்டு, எல்ஃபுகளின் ரத்தச் சபதத் திருவிழாவில் ஒரே ராத்திரியில் தழும்பும் போய், எல்ஃப் மாதிரி பலமும் வந்துடுது. அவன் எதையும் செலவழிக்கலை. ‘எதற்கும் விலை உண்டு’ என்று ஓரோமிஸ் சொன்ன விதி கதாசிரியருக்கு மட்டும் இல்லை போல! 2005இல் புத்தகம் வந்தபோது அவருக்கு 21 வயசு, அதனால மன்னிக்கலாம்.

‘டிராகன் எங்கே’ என்பவர்களுக்கு: எராகானோட டிராகன் சஃபீராவும் அங்கே மாணவிதான். முன்னங்கால் ஒன்றை இழந்த, ஓரோமிஸோட டிராகன் கிளேடர்தான் அவளுக்கு ஆசான். ஊனமுற்ற டிராகன், நோயாளி வீரன் ஓரோமிஸ், இரண்டு பேரும் சேர்ந்து பறக்கக் கத்துக்கொடுக்கிறாங்க. நம்ம கோயில் மண்டபத்தில் யாளி மேல் ஆள் உட்கார்ந்த தூணைக் காட்டி, கால் எங்கே பிடிக்கும், செதில் எங்கே உரசும் என்று கேளுங்க. சேணம் இல்லாத முதல் பறப்பில் எராகான் தொடைத் தோல் உரிஞ்சது உடனே நினைவு வரும்.

பதில்: இலக்கண வாத்தி
தழும்பு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். அதையே பட்டிமன்றத் தலைப்பாக்கலாம்.

பதில்: வாசிப்பு வட்டம், காரைக்குடி
வரைபடம் நாளைக்கே ஜெராக்ஸ். பெயர்களைச் சொல்லத் தடுமாறுகிறார்கள், அதற்கு ஏதாவது உண்டா?

பதில்: முகப்புத் திண்ணை
கடைசிப் பக்கங்களில் உச்சரிப்பும் சொற்பொருளும் இருக்கு, ஆச்சி. தொடக்கத்திலேயே முதல் பாகத்தின் கதைச் சுருக்கமும் இருக்கு, புதுசா சேர்ற பிள்ளைக்கு அது போதும்.