‘டு யூ நோ’ சரி, ‘டு யூ திங்க்’ தவறு: ஏன்? விளக்கம் வேண்டும்

கேள்வி: செவிலியர், மான்செஸ்டர்

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பணியாற்றுகிறேன். ஷிப்ட் முடியும்போது அடுத்து வருபவருக்காக எழுதிவைக்கும் ஹேண்டோவர் தாளில், சென்ற மாதம் ஒரு மூதாட்டியைப் பற்றி “ஐ ஆஸ்க்ட் ஹர் ஹவ் இஸ் ஷி ஃபீலிங்” என்று எழுதியிருந்தேன். மூத்த செவிலியர் ஒருவர் கடைசி நான்கு சொற்களின் கீழே கோடிட்டு, ஓரத்தில் “ஹவ் ஷி வாஸ் ஃபீலிங்” என்று எழுதியிருந்தார். ஒரு கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் அது கேள்வியின் சொல்வரிசையை விட்டுவிட்டுச் சாதாரண வாக்கியத்தின் வரிசைக்கு வந்துவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

அந்த விதியை நான் கவனமாகக் கடைப்பிடித்தேன். “டு யூ நோ வேர் த கீ இஸ்?” என்று மருந்து அலமாரியின் சாவியைக் கேட்டபோது ஒருவரும் திருத்தவில்லை. அதே துணிச்சலில் நேற்று “டு யூ திங்க் வேர் த கீ இஸ்?” என்று கேட்டேன். உடன் பணியாற்றும் பெண் ஒரு கணம் விழித்துவிட்டு, “வேர் டு யூ திங்க் இட் இஸ் என்று கேட்கிறாயா?” என்றார். விதிப்படி எழுவாய் முன்னே, வினைச்சொல் பின்னே என்று சரியாகத்தானே வைத்தேன்? ‘நோ’ என்ற வினைக்குப் பொருந்தியது ‘திங்க்’ என்பதற்கு ஏன் பொருந்தவில்லை? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்

அம்மா, நீங்கள் கற்ற விதி சரியானதுதான். ஆனால் அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கேள்விக்கான விடையைத் தமிழ் நமக்கு ஏற்கெனவே கொடுத்துவைத்திருக்கிறது.

இரண்டு வாக்கியங்களையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். “சாவி எங்கே இருக்கிறது என்று தெரியுமா?” “சாவி எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?” முதலாவதில் முதன்மை வினையின் இறுதியில் ‘ஆ’ இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. முதல் கேள்விக்கு ‘தெரியும்’ அல்லது ‘தெரியாது’ என்பது முறையான விடை. இரண்டாவதற்கு ‘மேசை இழுப்பறையில்’ என்று ஓர் இடத்தைத்தான் சொல்ல முடியும். அதாவது, ‘எங்கே’ என்ற சொல் துணைவாக்கியத்துக்குள் உட்கார்ந்திருந்தாலும் கேள்வியாக்குவது முழு வாக்கியத்தையும்தான். தமிழில் வினாச்சொல் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்துவிடும். ஆங்கிலத்தில் அது முழு வாக்கியத்தின் தலைக்கு ஏறியாக வேண்டும். எனவேதான் “வேர் டு யூ திங்க் த கீ இஸ்?” என்று வருகிறது.

நீங்கள் நேற்றுச் சொன்னதை அப்படியே தமிழாக்கினால் “சாவி எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்களா?” என்றாகும். நம் காதுக்கே அது இடறுகிறது அல்லவா? அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் இடறியிருக்கும்.

இரு அமைப்பையும் ஏற்கும் வினைகளும் உண்டு. அவற்றில்தான் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். “சாவி எங்கே இருக்கிறது என்று சொன்னீர்களா?” என்பது “டிட் யூ சே வேர் த கீ வாஸ்?” ஆகும். “சாவி எங்கே இருக்கிறது என்று சொன்னீர்கள்?” என்பது “வேர் டிட் யூ சே த கீ வாஸ்?” ஆகும். ‘ஆ’ எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தால் போதும்.

இன்னொன்று: “ஹூ டு யூ திங்க் டுக் இட்?” என்பது போல எடுத்தவரையே கேட்கும்போது, ‘திங்க்’ என்பதற்குப் பின்னால் ‘தட்’ சேர்க்காதீர்கள். மற்ற இடங்களில் விருப்பம்போல் வைக்கலாம், விடலாம்; இங்கே வைத்தால் பிழை.

மறுமொழி 2: பெல்ஃபாஸ்டிலிருந்து

ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். இங்கே என்னைச் சுற்றியிருக்கும் மக்கள் பேச்சில் “ஐ ஆஸ்க்ட் ஹிம் வாஸ் ஹி கமிங்” என்பது மிக இயல்பான வாக்கியம். அயர்லாந்து ஆங்கிலத்தில் உள்ளடங்கிய கேள்வியும் கேள்வியின் வரிசையிலேயே நிற்பதுண்டு. ஆனால் அப்போது ‘இஃப்’ வராது. எனவே சகோதரி எழுதிய சொல்வரிசையை எவருமே பயன்படுத்துவதில்லை என்று பொருளல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சிலரும் அப்படிப் பேசுகிறார்கள். ஒரே வேறுபாடு, அவர்கள் ‘இஸ்’ என்பதை விட்டுவிட்டு “ஹவ் வாஸ் ஷி ஃபீலிங்” என்று காலத்தை மாற்றிவிடுவார்கள். எழுத்தில், குறிப்பாகப் பணிக் குறிப்புகளில், மூத்த செவிலியர் திருத்திய வடிவமே பாதுகாப்பானது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘ஆ’ எங்கே இருக்கிறது என்று பார்க்கும் முறையை இன்று பல வாக்கியங்களில் சோதித்துப் பார்த்தேன்; எங்கும் தவறவில்லை. காலம் மாறுவது மட்டும் இன்னும் மனத்தில் படியவில்லை. அவர் இப்போதும் அதே நிலையில் இருக்கும்போது ‘வாஸ்’ என்று ஏன் எழுத வேண்டும்? மேலும், “வலி இல்லை என்று நினைக்கிறேன்” என்பதற்கு “ஐ திங்க் ஷி இஸ் நாட் இன் பெயின்” என்று எழுதினால், “ஐ டோன்ட் திங்க் ஷி இஸ் இன் பெயின்” என்று மாற்றுகிறார்கள். நான் நினைக்கத்தானே செய்கிறேன்?

மறுமொழி 3: ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்

முதல் ஐயத்தின் வேர் நம்முடைய ‘என்று’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘என்’ என்னும் வினைக்குச் ‘சொல்’ என்று பொருள். அதிலிருந்து பிறந்ததே ‘என்று’. அதனால் பிறர் சொன்னதை அவர் வாயிலிருந்து வந்தபடியே, காலத்தையும் வினாவையும் கலைக்காமல், ‘என்று’ ஏந்திக்கொள்ளும். “எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்” என்கிறோம். நீங்கள் மூதாட்டியிடம் உதிர்த்த சொற்கள் அப்படியே உள்ளே இருக்கின்றன. ஆங்கிலத்தின் அயற்கூற்றோ, கேட்ட நேரத்திலிருந்து விலகி, எழுதுபவரின் நேரத்தில் நின்று அதைத் திருப்பிச் சொல்கிறது. அதனால்தான் ‘வாஸ்’. எழுதும் நேரத்திலும் உண்மையாக இருக்கும் செய்திக்கு நிகழ்காலத்தை விட்டுவைக்கலாம்: “ஷி செட் ஷி இஸ் அலர்ஜிக் டு பெனிசிலின்” என்பதில் குற்றமில்லை.

எதிர்மறையைப் பொறுத்தவரை, ‘திங்க்’, ‘பிலீவ்’, ‘சப்போஸ்’ போன்ற வினைகளில் ஆங்கிலேயர் ‘இல்லை’ என்பதைத் துணைவாக்கியத்திலிருந்து எடுத்து முதன்மை வினையில் வைப்பதையே விரும்புகிறார்கள். நீங்கள் எழுதியது பிழையன்று; சற்று அழுத்தமாகக் கேட்கும், அவ்வளவே. ஆனால் இந்தப் பழக்கத்தை ‘ஹோப்’ என்பதற்கும் ‘சே’ என்பதற்கும் கொண்டுபோகக் கூடாது. இதை உங்கள் பணியின் பொருட்டு வற்புறுத்திச் சொல்கிறேன். “ஷி செட் ஷி வாஸின்ட் இன் பெயின்” என்றால் வலியில்லை என்று அவரே சொன்னார். “ஷி டிடின்ட் சே ஷி வாஸ் இன் பெயின்” என்றால் வலியிருப்பதாக அவர் சொல்லவில்லை. அவரிடம் ஒருவரும் கேட்காமலேயே இருந்திருக்கலாம். இரவுப் பணிக்கு வருபவர் இந்த இரண்டையும் படித்துவிட்டு வெவ்வேறு முடிவுகளை எடுப்பார்.

அதே காரணத்தால் ‘இஃப்’ என்பதிலும் கவனம் வேண்டும். “லெட் மீ நோ இஃப் ஷி நீட்ஸ் ஹெல்ப்” என்பதை ‘உதவி தேவையா என்று சொல்லுங்கள்’ என்றும், ‘தேவைப்பட்டால் மட்டும் சொல்லுங்கள்’ என்றும் படிக்கலாம். விடை கட்டாயம் வேண்டுமென்றால் ‘வெதர்’ என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, இன்றைய தாளில் இவ்வாறு எழுதியிருக்கிறேன்: “ஐ ஆஸ்க்ட் ஹர் வெதர் ஷி வாஸ் இன் பெயின். ஷி செட் ஷி வாஸின்ட்.” கேள்விக்குறி இடவில்லை. சரிதானா?

மறுமொழி 4: ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்

சரி, அம்மா. கேள்விக்குறியும் தேவையில்லை, அது நீங்கள் கேட்டதைச் சொல்லும் வாக்கியம்.