‘பாதி நிர்மூலம்’ என்று எழுதலாமா?

வேர்தேடி:
1964 புயலைப் பற்றி இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "அந்த ஒரே இரவில் தனுஷ்கோடி பாதி நிர்மூலமானது." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ‘நிர்’ என்றால் இல்லாதது, ‘மூலம்’ என்றால் வேர். வேரே இல்லாமல் போவதுதான் நிர்மூலம். அதில் பாதி எங்கிருந்து வரும்? அதைவிட முக்கியம், தனுஷ்கோடி சர்ச் சுவர் இன்றும் நிற்கிறது. சுவர் நிற்கிற ஊர் நிர்மூலமான ஊர் ஆகாது.

புழக்கமொழி:
எழுதியவன் நான்தான். ‘ஒருவர்’ என்று மறைக்க வேண்டாம் ஐயா, பெயரைச் சொல்லியே திட்டலாம். பாம்பனிலிருந்து போன ரயிலே அலையில் போனது. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசே அறிவித்தது. இதற்கு மேல் ஒரு ஊர் எப்படி அழிய வேண்டும்? நீங்கள் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

வேர்தேடி:
நான் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, சுவர் தானாகவே நிற்கிறது. போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூரை கிடையாது, ஜன்னல் இருந்த இடத்தில் வானம் தெரியும். ஆனால் பவளப்பாறைக் கல்லில் எழுப்பிய சுவர், கல்லின் துளைகள் விரலுக்குத் தட்டுப்படும். இதற்குச் சரியான சொல் சின்னாபின்னம். சின்னம் என்றால் வெட்டுண்டது, பின்னம் என்றால் பிளவுண்டது. துண்டுகள் மிச்சம் இருக்கும். சொல் கையில் இருக்கும்போது வேறொன்றை ஏன் தூக்கி வைக்க வேண்டும்?

சாமானியன்:
நேற்றுகூட ஒருவர் ‘வைரஸ் வந்து கணினி நிர்மூலம்’ என்று எழுதினார். எல்லோருக்கும் புரிந்தது. யாரும் வேரைத் தேடவில்லை.

வேர்தேடி:
புரிந்துவிட்டால் சரியாகிவிடுமா? பந்துவீச்சைத் துவம்சம் செய்தார், எதிரணியை நிர்மூலமாக்கினார் என்று விளையாட்டுச் செய்தியில் எழுதி எழுதித்தான் இந்தச் சொற்களுக்கு எடையே இல்லாமல் போனது. நாளைக்கு உண்மையிலேயே ஒரு ஊர் வேரோடு போனால் எந்தச் சொல்லை எடுப்பீர்கள்?

புழக்கமொழி:
‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம். இன்று அப்படி யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சொல் நகரும் ஐயா.

வேர்தேடி:
நாற்றத்தை இழுக்காமல் உங்களால் ஒரு விவாதமும் நடத்த முடியாது. ‘சில்லறையா, சில்லரையா’ என்ற விவாத இழையிலும் இதையேதான் இழுத்தீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். சுவர் நிற்கிறதா, இல்லையா?

புழக்கமொழி:
நிற்கிறது. ஹிரோஷிமாவில் குண்டு வெடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்த குவிமாடக் கட்டடமும் நிற்கிறது. 1996ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவே ஆக்கிவிட்டார்கள். ஹிரோஷிமாவும் நிர்மூலம் இல்லை என்பீர்களா?

வேர்தேடி:
இல்லைதான். நகரம் அதே இடத்தில் மக்களோடு இருக்கிறது. நிர்மூலம் பார்க்க வேண்டுமென்றால் 1883ல் வெடித்த இந்தோனேசியாவின் கரகாட்டோவா எரிமலைத் தீவைப் பாருங்கள். தீவின் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் போய்விட்டது.

புழக்கமொழி:
மூன்றில் இரண்டு பங்கு! அப்படியானால் ஒரு பங்கு மிச்சம். நான் ‘பாதி’ என்றால் குற்றம், நீங்கள் ‘மூன்றில் இரண்டு’ என்றால் இலக்கணமா? அதுவும் 1927ல் அதே இடத்தில் கடலுக்குள்ளிருந்து புதிய எரிமலை தலைகாட்டியது. வேர் இருந்ததால்தானே முளைத்தது?

வேர்தேடி:
தீவு வேறு, ஊர் வேறு. நான் கேட்டது சுவரைப் பற்றி.

தனித்தமிழ்நேசன்:
இரண்டு பேரும் வடமொழிச் சொல்லுக்காக அடித்துக்கொள்கிறீர்கள். அடியோடு, வேரோடு, பூண்டோடு என்று நம்மிடம் எத்தனை இருக்கின்றன! ‘பூண்டோடு அழிந்தது’ என்று எழுதினால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

சாமானியன்:
பூண்டோடா, கூண்டோடா?

தனித்தமிழ்நேசன்:
பூண்டோடு. செடிகொடியைத்தான் பூண்டு என்பது. கூண்டோடு என்பது கைலாசத்துக்குப் போக.

வேர்தேடி:
தலைப்பை மாற்றாதீர்கள் நண்பரே. ‘பாதி பூண்டோடு’ என்று எழுதினாலும் இதே கேள்வியைத்தான் கேட்பேன்.

கடலோரக்காரன்:
புயலடித்த ஊர்களைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வீட்டு முன்னால் நிற்கிற யாரும் நிர்மூலம் என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘எல்லாம் போச்சு’, ‘நாசமாப் போச்சு’, அவ்வளவுதான். நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வருகிறவர் குடிசையைப் பார்த்து ‘பகுதிச் சேதம்’ அல்லது ‘முழுச் சேதம்’ என்று எழுதிக்கொண்டு போவார். ஒரு சுவர் நின்றாலும் ‘பகுதி’ என்று போட்டுவிடுவார்களோ என்பதுதான் அங்கே பயம். நீங்களும் அதே சுவரைக் காட்டி ஊரே அழியவில்லை என்கிறீர்கள். கேட்கவே கசக்கிறது அண்ணே.

வேர்தேடி:
தம்பி, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கம்தான். சுவர் நின்றால் பகுதி, நிற்காவிட்டால் முழுசு. அலுவலகத்துக்கே தெரிந்தது இங்கே எழுதுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

கடலோரக்காரன்:
நான் அதைச் சொல்லவில்லை. என் வாயில் உங்கள் வாதத்தைத் திணிக்காதீர்கள்.

புழக்கமொழி:
அவர் எப்போதும் அப்படித்தான் தம்பி. பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அதே புயலில் அதன் கர்டர்களில், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களில், பெரும்பாலானவை கடலில் விழுந்தன. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீண்டும் நிறுத்தினார்கள். பாலம் திரும்பி வந்தது, தனுஷ்கோடி ஊராகத் திரும்பி வரவில்லை. அழிவை அதில்தான் அளக்க வேண்டும், நிற்கிற கல்லில் அல்ல.

வேர்தேடி:
அப்படியானால் ‘பாதி’ எதற்கு? ஊரே திரும்பவில்லை என்றால் முழுதாகவே நிர்மூலம் என்று எழுதியிருக்க வேண்டியதுதானே? உங்கள் வாக்கியத்தை நீங்களே கவிழ்த்துவிட்டீர்கள்.

புழக்கமொழி:
இப்போது முழுதாக எழுதலாம் என்கிறீர்கள். காலையில் சுவர் நிற்பதால் எழுதவே கூடாது என்றீர்கள்.

வேர்தேடி:
கூடாது என்றுதான் இப்போதும் சொல்கிறேன். உங்கள் தர்க்கத்தை வைத்தே உங்களைக் கேட்டேன்.

சாமானியன்:
‘சில்லறை’ இழையையும் யாராவது முடித்து வைத்தால் நல்லது. அங்கே இன்னும் எனக்குப் பதில் வரவில்லை.

வேர்தேடி:
அங்கே வல்லின றகரம் என்று தெளிவாக எழுதிவிட்டேன். படிக்காமல் கேட்டால் நான் என்ன செய்வது?