ஊற்றியதும் அடங்கிப்போகும் நுரை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பதிவு 1

வீட்டில் நானே காய்ச்சிய பியர், பேல் ஏல் வகை, 20 லிட்டர். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போட்டுப் பாட்டிலில் அடைத்து, ஆறு வாரம் தொடாமல் வைத்திருந்தேன். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று நல்ல சத்தம். அண்ணனுக்குத்தான் முதலில் ஊற்றினேன். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழும்பியது. அவர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரை பொரிந்து, நடுவில் ஓட்டை விழுந்து, ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம்தான் மிஞ்சியது. "கேஸ் போயிடுச்சாடா?" என்று கேட்டார். போகவில்லை. குமிழ்கள் அடியிலிருந்து வந்துகொண்டேதான் இருந்தன, நாக்கிலும் சுருக்கென்று இருந்தது. ருசி பிரமாதம் என்று அவரே சொன்னார். ஆனாலும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பதிவு 2

நடந்திருக்கிறது. எனக்கு மேஷில்தான், அதாவது மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த தானியத்தை) வெந்நீரில் ஊறவைப்பதில்தான் தப்பு. பழைய முறைப்படி 50 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்தி, அப்புறம்தான் சூட்டை ஏற்றுவேன். இப்போது கிடைக்கும் மால்ட்டுக்கு அது தேவையே இல்லை, முளைகட்டும்போதே புரதங்களை உடைக்கும் அந்த வேலை முடிந்துவிடுகிறது. மேற்கொண்டு நிறுத்தினால் நுரையைத் தாங்குகிற பெரிய புரதங்களும் துண்டு துண்டாகிவிடும். பியர் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது, நுரை மட்டும் சோடா நுரை. அடுத்த முறை நேராக 67 டிகிரி, மால்ட்டில் பத்தில் ஒரு பங்கு கோதுமை. குடிக்கக் குடிக்க, ஒவ்வொரு மிடறுக்கும் கிளாஸின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு படிந்து நின்றதே, அதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் இருக்கிறது. உங்கள் மேஷைப் பாருங்கள். கிளாஸ், ஊற்றும் விதம் எல்லாம் சும்மா.

பதிவு 3

சும்மா இல்லை. நான் ஒரு வருஷம் கோதுமை, ஓட்ஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவன். கடைசியில் பார்த்தால், வறுத்த கடாயைத் தேய்த்த அதே பஞ்சில்தான் என் பியர் கிளாஸும் கழுவப்பட்டுக்கொண்டிருந்தது.

மால்ட் புரதமும், பியருக்குப் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் கைகோத்துத்தான் குமிழைச் சுற்றித் தோல் கட்டுகின்றன. அதற்குள் துளி எண்ணெய் புகுந்தாலும் தோல் கிழிந்துவிடும். சரியாக அலசாத சோப்பும் அதையேதான் செய்யும். எனவே கிளாஸைத் தனிப் பஞ்சால், சலவை சோடா கரைத்த வெந்நீரில் கழுவுங்கள். நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். துணியால் துடைக்காமல், காற்றுப் போகும்படி கம்பித் தட்டில் கவிழ்த்துக் காயவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஈரக் கிளாஸின் உட்புறம் உப்பைத் தூவுங்கள், எண்ணெய் இருக்கும் இடத்தில் உப்பு ஒட்டாது. இன்னொன்று, பயந்து பயந்து சரித்தே ஊற்றாதீர்கள். கடைசிக் கால்பங்கை நேராக விடுங்கள். எண்ணெய்ப் பலகாரம் தின்ற உதட்டோடு குடித்தாலும் நுரை போகும். முதல் பதிவு போட்டவரே, அதே பாட்டிலை வேறு கிளாஸில் ஊற்றிப் பார்த்தீர்களா?

பதிவு 2

என் வீட்டில் அதே கிளாஸில் கடையில் வாங்கிய பியரின் நுரை அசையாமல் நின்றது. அப்புறம் எப்படிக் கிளாஸைக் குற்றம் சொல்வது? உங்களுக்கு எண்ணெய், எனக்கு மேஷ், அவ்வளவுதான்.

பதிவு 4

எனக்கு இரண்டும் இல்லை. அறை சூடாக இருந்ததால் ஈஸ்ட் வெறிபிடித்த மாதிரி வேலை செய்து, இரவு முழுக்க நுரை, பியர் புளிக்கும் கலத்திலிருந்து குழாய் வழியாக வாளிக்குள் கொட்டியது. காலையில் வாளியில் கையை விட்டேன். பிசுபிசுவென்று, நாக்கில் வைத்தால் கடும் கசப்பு. பாட்டிலில் நிற்க வேண்டிய நுரை அத்தனையும் அங்கே கிடந்தது. அந்தத் தொகுதி கசப்பும் குறைந்து, நுரையும் இல்லாமல் போனது. இப்போது கலத்தில் கால்பங்கு இடம் விட்டு, 18 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

பதிவு 1

உப்பு போட்டுப் பார்த்தேன். அண்ணன் குடித்த கிளாஸில் விளிம்புக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு உப்பு ஒட்டவே இல்லை. சோடா போட்டுக் கழுவிய இன்னொரு கிளாஸையும் பக்கத்தில் வைத்து, ஒரே பாட்டிலை இரண்டிலும் ஊற்றினேன். அண்ணன் கிளாஸில் ஒரு நிமிஷத்துக்குள் நுரை காலி. மற்றதில் பாதி குடிக்கும்வரை நின்றது, ஆனால் சுவரில் கோடு எதுவும் படியவில்லை. நானும் 50 டிகிரியில் 20 நிமிஷம் நிறுத்தியவன்தான், முதலில் சொல்ல விட்டுப்போய்விட்டது. கோதுமை மால்ட் வாங்கிவிட்டேன். இந்தத் தொகுதியில் 11 பாட்டில் மிச்சம். அண்ணன் வந்தால் ஊற்ற இரண்டைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.