புது 4 டிபி ஹார்ட் டிஸ்க், இன்ஸ்டாலரில் இரண்டு துண்டாகத் தெரிகிறது. எப்படிப் பிரிப்பது?

சின்னத்தும்பி:
வணக்கம். பழைய 500 ஜிபி டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. அதனால் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். பழையதையும் இன்னும் கழற்றவில்லை. பத்து வருஷத்துப் போட்டோ எல்லாம் அதில்தான்.

விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, எங்கே இன்ஸ்டால் செய்வது என்று கேட்கும் திரை வரை வந்தேன். புது டிஸ்க்குக்கு 'அன்அலகேட்டட் ஸ்பேஸ்' (இன்னும் ஒதுக்காத இடம்) என்று இரண்டு வரி காட்டுகிறது. ஒன்று 2048.0 ஜிபி, இன்னொன்று 1678.0 ஜிபி. நான் எதையும் தொடவே இல்லை. இரண்டாவதை வைத்து ஒன்றும் செய்ய விடமாட்டேன் என்கிறது. கூட்டிப் பார்த்தால் 3726தான், 4000 வரவில்லை. டிஸ்க்கே பழுதா? சரியானால் பக்கத்தில் லினக்ஸும் போட ஆசை.

பழையபெட்டி:
டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க. 3726 சரியான கணக்கு. டிஸ்க் செய்கிறவர்கள் 1 டிபியை லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக்கொண்டே போகிறது. அவ்வளவுதான்.

2048-இல் வெட்டு விழுகிறதே, அதுதான் விஷயம். உங்க பென்டிரைவ் பயாஸ் என்ற பழைய பூட் முறையில் எழுந்திருக்கு. அந்த முறையில் விண்டோஸ் எம்பிஆர் டேபிளைத்தான் கேட்கும். டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கு என்று எழுதி வைக்கும் பட்டியல் அது. அது 1983-இல் டாஸ் 2.0 காலத்தில் வந்த சமாச்சாரம். டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்களுக்கு செக்டர் என்று பெயர். செக்டர் எண்ணை எழுத அதில் 32 பிட்தான் இடம். 512 பைட் செக்டராக எண்ணினால் 2048 ஜிபியோடு எண்ணிக்கை தீர்ந்துபோகும். மீதி 1678-க்கு எண் கொடுக்க ஆளில்லை. எம்பிஆருக்குப் பின்னால் வந்த ஜிபிடி டேபிளில் இந்தத் தொல்லை கிடையாது.

ரீஸ்டார்ட் செய்து பூட் மெனுவைத் திறங்க. பெரும்பாலும் அதே பென்டிரைவ் இரண்டு முறை இருக்கும், ஒன்றின் முன்னால் 'யுஇஎஃப்ஐ' என்று போட்டிருக்கும். பயாஸுக்குப் பின்னால் வந்த புது முறை அது, அதில் விண்டோஸ் ஜிபிடியைக் கேட்கும். அதைத் தேர்ந்தெடுங்க.

ஆனால் அதற்கும் முன்னால் மிஷினை ஆஃப் செய்து, பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கி வைத்துவிடுங்க. மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க. நான் பட்டிருக்கிறேன். இரண்டு டிஸ்க்கையும் மாட்டி வைத்துக்கொண்டே புதியதில் விண்டோஸ் போட்டேன். பழையதில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் ஃபைல்களுக்கான சின்னத் துண்டு) இருந்தது. இன்ஸ்டாலர் விண்டோஸைப் புதியதில் வைத்துவிட்டு, பூட் ஃபைல்களை மட்டும் சத்தமில்லாமல் பழையதில் போட்டுவிட்டது. மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பழையதைக் கழற்றிய அன்றைக்குக் கறுப்புத் திரை, ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. புது டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்து ராத்திரி முழுக்க கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். காலையில்தான் உறைத்தது.

சின்னத்தும்பி:
கேபிளைக் கழற்றிவிட்டு யுஇஎஃப்ஐ வரியில் பூட் செய்தேன். ஒரே துண்டு, 3726.0! மிக்க நன்றி. இப்போது எதற்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

இரவுக்குருவி:
பழையபெட்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விண்டோஸ் தானாக உருவாக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் வழக்கமாக 100 எம்பிதான். சில லினக்ஸ்கள் தங்கள் மையப் பகுதியான கர்னலையே அதற்குள் கொண்டுவந்து வைக்கும், இரண்டு அப்டேட்டில் நிரம்பிவிடும். பின்னால் பெரிதாக்குவது தலைவலி. அதனால் முதலிலேயே நீங்களே உருவாக்குங்கள்.

அதே இன்ஸ்டாலர் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்புப் பெட்டி வரும். அதில் 'டிஸ்க்பார்ட்' (டிஸ்க்கைப் பிரிக்கும் கருவி), பிறகு 'லிஸ்ட் டிஸ்க்' என்று டைப் செய்யுங்கள். அளவைப் பார்த்து டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவும் அந்தப் பட்டியலில் நிற்கும், கவனம். 'கிளீன்' கொடுத்தால் "நிச்சயமா?" என்றெல்லாம் கேட்காது, துடைத்துவிட்டுத்தான் பேசும். அடுத்து 'கன்வர்ட் ஜிபிடி'. மறுபடி லிஸ்ட் எடுத்தால் ஜிபிடி பத்தியில் ஒரு நட்சத்திரக் குறி தெரிய வேண்டும். அதன்பின் 1024 எம்பிக்கு இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி ஃபேட்32-இல் ஃபார்மட் செய்துவிட்டு வெளியே வாருங்கள்.

விண்டோஸ் உட்காரும் சி-க்கு 250 ஜிபி கொடுங்கள். பிறகு வளர்த்துக்கொள்ளலாம் என்று கஞ்சத்தனம் வேண்டாம். புது விண்டோஸ்கள் சி-க்குப் பின்னாலேயே ரிகவரி பார்ட்டிஷனை உட்கார வைத்துவிடும், அது வழியை மறிக்கும். லினக்ஸ் சிஸ்டம் உட்காரும் ரூட்டுக்கு 80 ஜிபி. சுழலும் டிஸ்க்கில் தொடக்கம் என்பது தட்டின் வெளி விளிம்பு, அங்கேதான் வேகம் அதிகம். எனவே இவை முன்னால், போட்டோ கிடங்கு பின்னால். லினக்ஸில் உங்கள் சொந்த ஃபைல்களும் செட்டிங்ஸும் இருக்கும் ஹோமுக்குத் தனிப் பார்ட்டிஷன் கட்டாயம் வேண்டும்.

பழையபெட்டி:
ஹோம் தனியாக வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கிடங்கு தனியாக இருந்தால் ஹோமில் செட்டிங்ஸ் தவிர என்ன இருக்கப்போகிறது? ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் ஸ்வாப்புக்கும் தனிப் பார்ட்டிஷன் வேண்டாம், ஒரு ஃபைல் போதும். 3726-ஐயும் இன்றைக்கே கூறு போட வேண்டாம் என்பேன். கிடங்கைக் கடைசியில் 2000 ஜிபிக்கு வைத்து, மீதியை அதன் வலப்பக்கம் வெறுமையாக விடுங்க. வலப்பக்கம் நீட்டுவது ஒரு நிமிஷ வேலை. ஆரம்பத்தை இடப்பக்கம் நகர்த்த வேண்டுமென்றால் உள்ளிருக்கும் டேட்டா அத்தனையும் இடம் மாறியாக வேண்டும், மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது.

இரண்டு ஓஎஸ்ஸும் கிடங்கைப் படிக்க வேண்டுமென்றால் அதை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்க. அப்போது விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்க. இல்லையென்றால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும், அந்த டிஸ்க்கில் எழுத லினக்ஸ் மறுத்துவிடும்.

சின்னத்தும்பி:
இருவருக்கும் நன்றி. ஹோமைத் தனியாக வைக்கவில்லை, இரவுக்குருவி மன்னிக்கவும். இஎஃப்ஐ 1024 எம்பி, சி 250, இரண்டும் ஆயிற்று. கேட்காமலேயே 16 எம்பியில் ஒன்று முளைத்திருக்கிறதே, அழிக்கலாமா?

இரவுக்குருவி:
மன்னித்தேன். அந்த 16 எம்பி விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொள்வது, அப்படியே விடுங்கள். லினக்ஸ் போட்டு முடித்து, இரண்டும் பூட் ஆகிறதா என்று பார்த்த பிறகு பழைய டிஸ்க்கை மாட்டுங்கள். முதல் வேலையாகப் போட்டோக்களை எடுத்துவிடுங்கள். கரகர சத்தம் வந்த டிஸ்க் அதிக நாள் காத்திருக்காது.