வர்க்கமற்ற எண்ணா, மீளாக்காரணி எண்ணா?

அன்புடையீர்,

1 தவிர்ந்த எந்த நிறைவர்க்கத்தாலும் வகுபடாத முழு எண்ணுக்கு "வர்க்கமற்ற எண்" என்ற பெயர் இங்கு முன்மொழியப்பட்டுள்ளது. square-free என்ற ஆங்கிலச் சொல்லின் இரு பகுதிகளும் அதில் வந்துவிட்டன, பொருள் வரவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் என்னிடம் இணைந்த கணிதம் பயிலும் உயர்தர மாணவர்களிடம் 12 வர்க்கமற்ற எண்ணா என்று வினவியபோது, 12 நிறைவர்க்கம் இல்லையே என்று காரணம் காட்டிப் பெரும்பாலோர் ஆம் என்றனர். 12ஐ 4 மீதியின்றி வகுப்பதால் அவ்விடை தவறு. ஆயினும் பிழை சொல்லினுடையது; "தான் ஒரு வர்க்கமாக இல்லாத எண்" என்றே அது தமிழ்ச் செவியில் விழுகிறது.

நான் முன்வைக்கும் சொல் "மீளாக்காரணி எண்", அதாவது எக்காரணியும் மீண்டும் வராத எண். 223092870 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 ஆகிய முதல் ஒன்பது முதன்மை (பகா) எண்களின் பெருக்கம் அது. ஒவ்வொன்றும் ஒரே முறை வருவதால், ஒரு காரணியை அமைக்கையில் ஒவ்வொரு முதன்மை எண்ணையும் சேர்ப்பதா விடுவதா என்ற தெரிவு மட்டுமே நமக்கு உண்டு. ஆகவே மொத்தக் காரணிகள் 512. அதை இரட்டித்தால் 2 மீண்டும் வந்துவிடுகிறது, 446185740 நம் வகையிலிருந்து விலகிவிடுகிறது. ஒன்றைக் கூட்டினாலோ 223092871 கிடைக்கும். அது முதன்மை எண்ணாக இருக்கலாம் என்று தோன்றும். ஆனால் அது 317, 703763 ஆகியவற்றின் பெருக்கம், காரணிகள் மீளாததால் அதுவும் நம் வகையைச் சேர்ந்ததே. இதற்கு அடுத்த எண் 4ஆல் வகுபடுவதால் சேராது.

மீள்வது முதன்மைக் காரணிதான் என்பதால் "மீளா முதன்மைக்காரணி எண்" என்று முழுமையாகச் சொல்ல வேண்டாமா என அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல வினா, நானும் முதலில் தயங்கினேன். ஆனால் எண்ணை எவ்விதமாகப் பெருக்கங்களாகப் பிரித்தாலும், 1 அல்லாத ஒரு காரணி, அது 6 போன்ற சேர்த்தி (பகு) எண்ணாகவே இருப்பினும், இருமுறை வருமாயின் அதன் வர்க்கம் அவ்வெண்ணை வகுத்துவிடும். எனவே மீளாமை எல்லாக் காரணிகளுக்கும் பொருந்துகிறது, "முதன்மை" என்ற அடை தேவைப்படவில்லை.

0.333... போன்றவற்றைக் குறிக்கும் "மீளும் தசமம்" நம் பாடநூல்களில் ஏற்கெனவே பழகிய சொல்லாதலால், "மீளா" என்ற எதிர்மறை மாணவருக்குப் புதிதன்று. இதே அடையைக் கொண்டு பல்லுறுப்புக்கோவைகளிலும் "மீளாக்காரணிப் பல்லுறுப்பி" என்று இயல்பாகச் சொல்லலாம். அங்கு "வர்க்கமற்ற பல்லுறுப்பி" என்பது, வர்க்க உறுப்பு இல்லாத கோவை என்று இன்னும் மோசமாகத் திசைதிருப்பும். தமிழ்நாட்டு அன்பர்கள் முதன்மை எண்ணைப் பகா எண் என்பர். காரணி என்ற சொல் இருகரைக்கும் பொது என்பதால் இப்பெயரில் அந்த வேறுபாடு குறுக்கிடாது.

1க்கு மீள்வதற்கே முதன்மைக் காரணி இல்லை. ஆகவே அதுவும் மீளாக்காரணி எண்ணே. அதையும் சேர்த்து எண்ணினால் 100 வரை இத்தகைய எண்கள் 61 உள்ளன. "வர்க்கமற்ற" என்பதையே விரும்புவோர், 12ஐ அச்சொல் எவ்வாறு விலக்குகிறது என்று விளக்கி எழுத வேண்டுகிறேன்.