புதுப்பிப்பு: டைல்ஸ் தரையில் வழுக்கிய எங்கள் 13 வயது நாய்

எங்கள் மணிக்கு 13 வயது, டைல்ஸ் தரையில் பின்னங்கால் வழுக்கி எழ முடியாமல் தவிக்கிறான், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது தானாகவே எழுந்து நடக்கிறான்.

கைகொடுத்தது யோகா மேட் யோசனைதான். இரண்டு மேட்டை நீளவாக்கில் வெட்டி, அவன் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வழியாக வாசல் வரை போட்டேன். ஒன்றை மட்டும் எதிர்பார்க்கவில்லை. நடுவில் ஒரு டைல் அளவு இடைவெளி விட்டிருந்தேன். அந்த விளிம்புக்கு வந்ததும் முன்னங்காலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். அதையும் அடைத்த பிறகுதான் முழு தூரம் போனான். இடைவெளி விடாமல் போடுங்கள்.

நகம் வெட்டச் சொன்னதும் சரியான யோசனை. நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் வரும் அளவுக்கு வளர்ந்திருந்தது. விரலிடுக்கு முடியையும் கத்தரித்தோம். காலுறை சரிப்படவில்லை, திருகிக்கொண்டு இன்னும் வழுக்கியது.

டாக்டரிடமும் காட்டினோம். இடுப்பு மூட்டுத் தேய்மானம், மாத்திரை போகிறது. நாம் போடும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், இபுபுரூஃபன் நாய்க்கு விஷம்.

அப்புறம், அம்மாவின் பழைய பருத்திப் புடவைகளை நான்காக மடித்து, கையாலேயே நூலோட்டி ஒரு விரிப்பு தைத்தேன். கடையில் வாங்கிய மெத்தையைத் திரும்பியும் பார்க்காதவன், இதில் மூக்கை மடிப்புக்குள் புதைத்துத் தூங்குகிறான்.